ஒரு கை மட்டும்

கரண்ட் போய் முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டிய படிவமொன்றுக்கு இரண்டு போட்டோக்கொப்பி எடுக்க வந்த நான், கடைக்குள் சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். “கொஞ்சம் இரிங்க சேர், இப்ப வந்திரும்” என்றான் கடைப் பொடியன். பிறகு என்னை மறந்து போனான். நானும் வாய் திறக்கவில்லை. அன்று பின்னேரம் அந்தக் கதிரையில் இருந்தபடி கண்டதையும் கேட்டதையும்தான் எழுதுகிறேன்.

மட்டக்களப்பின் வெல்லாவெளியில் ஒரு கொமினிகேஷன் கடை எப்படி இருக்குமோ அப்படித்தான் அதுவும் இருந்தது. லமினேட் மெஷின், ரீலோட் காட், அடுக்கி வைத்த சிஆர் கொப்பிகள், பாஸ்போட் படம் பிடிக்கத் தொங்கவிட்ட நீலத் துணி. பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த காலம். ரோட்டால் வைக்கோல் ஏற்றிய மெஷின்கள் போகப்போக, உள்ளே மேசையெல்லாம் மெல்லிய மஞ்சள் தூசி படிந்துகொண்டிருந்தது. புதிதாக இருந்தது சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாள் மட்டும். மார்க்கர் பேனையால் கையெழுத்தில் எழுதியிருந்தது: “புதுப் பிள்ளைக்கு இணையப் பக்கம் செய்து தரப்படும். 42 நாள் வரைக்கும் காசில்லை.”

42 என்பது இங்கே சும்மா ஓர் எண் அல்ல. இலங்கையில் ஒரு பிறப்பைப் பதிவதற்குள்ள தவணை 42 நாள். பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் அதை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். இணையத்தில் எதை வாங்கப் போனாலும் “முதல் மாதம் இலவசம்” என்பார்கள். இந்தக் கடைப் பொடியன் மாதக் கணக்கை விட்டுவிட்டுத் தாய்மார் ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருக்கிற கணக்கை எடுத்திருந்தான். அந்தத் தாளைப் பார்த்த உடனேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

ஓட்டோ ஒன்று வந்து நின்றது. முதலில் ஒரு குடை இறங்கியது. பிறகு குடை பிடித்த அம்மம்மா. அவருக்குப் பின்னால், வெயில் படாமல் முந்தானையால் மூடிய பிள்ளையோடு ஓர் இளந்தாய். பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் கழிந்து நாலைந்து நாள்தான் இருக்கும் என்று பேச்சில் தெரிந்தது. பிள்ளையின் கன்னத்தில் ஐந்து ரூபாய்க் குத்தி அளவுக்குக் கறுப்புப் பொட்டு. மணிக்கட்டில் நூலில் கோத்த வசம்புத் துண்டு. அதைப் பிள்ளை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தது.

“அக்கா, இரிங்க. கரண்ட் இல்ல, லெப்டொப்பில சார்ச் இரிக்கி. பாப்பம்.”

அந்தத் தாய் உட்கார்ந்த விதத்தைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை இடது மார்பில் சாய்ந்திருந்ததால் இடது கை முழுவதும் அதற்கே போய்விட்டது. வலது கையிலும் பாதிதான் மிச்சம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிளினிக் கொப்பியை இடுக்கியிருந்தன, நடுவிரலும் சுட்டுவிரலும் போனைத் தாங்கின. சும்மா இருந்தது பெருவிரல் ஒன்றுதான். அந்த ஒரு விரலுக்குத்தான் அந்தப் பொடியன் பக்கம் செய்திருந்தான்.

லீ சால்க் என்ற அமெரிக்க உளவியலாளர், மிருகக்காட்சிச்சாலையில் ஒரு தாய்க்குரங்கு தன் குட்டியைத் திரும்பத் திரும்ப இடப்பக்கமே அணைத்துக்கொள்வதைக் கண்டு, பிறகு மகப்பேற்று விடுதிகளில் தாய்மாரைக் கவனிக்கத் தொடங்கினார். 1960இல் அவர் எழுதியதன் சாரம் இது: வலக்கைப் பழக்கமோ இடக்கைப் பழக்கமோ, ஐந்து தாய்மாரில் நான்கு பேர் அளவில் பிள்ளையை இடப்பக்கமே வைத்துக்கொள்கிறார்கள். வெல்லாவெளிப் பொடியன் சால்க்கைப் படித்திருப்பானா என்பது எனக்கு முக்கியமில்லை. அவன் தன் அக்காவைப் பார்த்திருக்கிறான். “எங்கட அக்கா மருமகன வச்சிக்கிட்டு போன் பாக்கிறதப் பாத்துத்தான் இதுகள எல்லாம் கீழ இறக்கின” என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. தொட வேண்டிய எல்லாம் திரையின் வலது அடிமூலையில், பெருவிரல் எட்டுகிற அரைவட்டத்துக்குள் இருந்தன. மேலே படம் மட்டும். “சேமி” என்று ஒரு பொத்தானைத் தேடினேன், காணவில்லை. ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கினால் அந்தப் பாதிச் சொல் அப்படியே கிடக்கும். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தாலும், அடுத்த நாள் வந்தாலும், விட்ட இடத்திலிருந்து எழுதலாம்.

இரவில் திறந்தால் பக்கம் கறுப்பாக இருக்குமாம். வெளிச்சம் பட்டுப் பிள்ளை முழித்துவிடக் கூடாது என்பதற்காக. பகலில் வெள்ளை.

மேசையில் ஒரு சிஆர் கொப்பி திறந்து கிடந்தது. என் கதிரையிலிருந்து பார்த்தால் எழுத்துத் தெரிந்தது. வாசித்துவிட்டேன். இடப்பக்கம் கேள்விகளின் இலக்கம், வலப்பக்கம் குறிப்பு.

“3 – அழுதது.
5 – பால்.
3 – அழுதது.
2 – தாய் நித்திரை.
7 – ஊசிக் காய்ச்சல், பிறகு வாறன் என்டவ, வரல்ல.”

விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. அவன் முதலில் செய்த பக்கம் பதினொரு கேள்வி கேட்டிருக்கிறது. ஒவ்வொரு தாயும் எந்தக் கேள்வியில் போனைக் கீழே வைத்தாள் என்பதைத்தான் அவன் எழுதி வைத்திருந்தான். வேர்ட்பிரஸ் 2003இல் வந்தது, விக்ஸ் 2006இல். நிரல் எழுதத் தெரியாதவரும் தளம் கட்டலாம் என்ற வாசலை அவை திறந்துவிட்டன, அது பெரிய காரியம். ஆனால் அவற்றின் கேள்வி வரிசைகளைப் பார்த்தால், கடை வைத்திருப்பவர், படம் பிடிப்பவர், வகுப்பு நடத்துபவர் என்று இரண்டு கையும் ஒரு முழு மாலையும் உள்ள ஒருவரை நினைத்தே செய்யப்பட்டவை என்று தெரியும். என்ன தொழில், எந்த நிறம், எந்த எழுத்துரு, எத்தனை பக்கம். ஒரு மாதப் பிள்ளையின் தாய்க்கு முழு மாலை கிடையாது. நாலு நிமிடம் உண்டு, அதுவும் எப்போது வரும் என்று சொல்ல ஏலாது.

கொப்பியின் அடுத்த பக்கத்தில் பதினொரு கேள்விகளில் பத்து ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருந்தன. கடைசியில் வெட்டாமல் நின்றது ஒன்றுதான்: “ஒரு படம் போடுங்க.” பெயர்கூடக் கேட்கவில்லை. அது சரியும்கூட. எங்கள் பக்கத்தில் நட்சத்திரம் பார்த்து, எழுத்துப் பார்த்து, மாமன்மார் சண்டை பிடித்து, பிறகுதானே பெயர். எந்தப் படிவமும் முதல் வரியில் பெயரைக் கேட்கும். பெயர் இல்லாமல் உள்ளே விடாத வாசலில் பத்து நாள் பிள்ளையோடு நிற்கிற தாய் என்ன எழுதுவாள்? இந்தத் தாயின் பக்கத்தில் முதல் முப்பது நாளும் “சின்னவ” என்று மட்டும் இருந்தது. அன்று அவர்கள் வந்ததே பெயர் போடத்தான்.

பெயரை அம்மம்மா ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அந்தத் துண்டு வேறொரு கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தது. அதன் கோப்பையும் போனில் அனுப்பியிருந்தார்கள். பொடியன் திறந்தபோது பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கிடந்தன. பாமினியில் அரைப்புள்ளிதானே மெய்யெழுத்தின் புள்ளி. இலங்கைத் தமிழரின் கலியாணக் காட், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ் எல்லாம் எத்தனையோ வருடம் அந்த எழுத்துருவில்தான் வந்தன. பொடியன் ஒன்றும் சொல்லாமல் யூனிகோட்டில் திரும்ப அடித்தான். “இப்ப எந்தப் போனிலயும் தெரியும்.”

அடுத்தது முகப்புப் படம். புதிதாக ஒன்று எடுத்து வைத்திருந்தான், காட்ட ஆசைப்பட்டான் என்று தெரிந்தது. திரையைத் திருப்பினான். நீல வானம், வெள்ளை மேகம், நீண்ட அலகில் துணிப்பொட்டலமாகப் பிள்ளையைத் தூக்கிப் பறக்கும் ஒரு பறவை. இணையத்தில் குழந்தைப் பக்கம் என்று தேடினால் அந்தப் பறவையிலிருந்து தப்ப முடியாது.

அம்மம்மா கிட்ட வந்து பார்த்தார்.

“இதென்ன மனே, கொக்கு புள்ளயக் கவ்விக்கிட்டுப் போகுது?”

“அது வெள்ளைக்காரன்ட கதை அம்மம்மா. கொக்குத்தான் புள்ளயக் கொண்டு வந்து குடுக்கிறதாம்.”

“கொண்டு வாற மாதிரி இல்லயே. கொண்டு போற மாதிரியெல்லா கிடக்கு.”

கடைக்கு வெளியே, வெட்டி முடிந்த வயலில் நூறு கொக்காவது நின்றிருக்கும். வரப்போரம் நிற்கிற கொக்கு என்ன கவ்வும், கவ்வியதை என்ன செய்யும் என்று வாழ்நாள் முழுவதும் கண்டவர் அவர். பொடியன் படத்தை ஒரு கணம் அவருடைய கண்ணால் பார்த்தான் என்று நினைக்கிறேன். சிரிக்கவில்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. எடுத்துவிட்டான். கொஞ்ச நேரம் எதையோ கீறிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு வளை, வளையிலிருந்து தொங்கும் சீலை, சீலையை விரித்துப் பிடிக்கிற குறுக்குக் கம்பு, பாரத்தில் அடிப்பக்கம் இழுபட்ட வளைவு. ஏணை. உள்ளே பிள்ளை தெரியவில்லை, பாரம் மட்டும் தெரிந்தது. “ம்” என்றார் அம்மம்மா.

குடும்பம் என்ற பகுதிக்கு வந்தார்கள். எங்கோ எடுத்த மாதிரியில் இருந்து வந்த மரம் அது. மேலே தகப்பன், தகப்பனின் தகப்பன், அங்கிருந்து கிளை. அம்மம்மா விரலை வைத்துத் தேடினார். தன் பெயர் ஓர் ஓரக் கிளையில் இருந்தது. கோபப்படவில்லை. “இதில குடி எங்க?” என்று மட்டும் கேட்டார்.

மட்டக்களப்பில் குடி, அதாவது குலம், தாய்வழியில் இறங்குவது. பிள்ளை தாயின் குடி, தாய் தன் தாயின் குடி. வீடும் பெண்ணுக்கு. மகள் கலியாணம் முடித்தால் மருமகன் வந்து சேர்வான், இந்தப் பிள்ளையும் தாயின் தாய் வீட்டில்தான் வளர்கிறது. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் இந்தக் கரையில் பல காலம் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் குடி முறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அம்மம்மாவுக்கு நூல் வேண்டியதில்லை. இந்தப் பிள்ளை யார் என்று கேட்டால் அவர் சொல்லத் தொடங்கும் இடம் வேறு.

பொடியன் மரத்தைக் கலைத்தான். பிள்ளையின் பெயர், அதற்குக் கீழே தாய், அதற்குக் கீழே அம்மம்மா, அதற்குக் கீழே அம்மம்மாவின் தாய். கிளை இல்லாத நேர்க்கோடு, கிணற்றுக்குள் இறக்கிய கயிறு மாதிரி. தகப்பன் பக்கமும் பக்கத்தில் இன்னொரு கயிறாக இறங்கியது. குடிப்பெயர் எழுத ஓர் இடம் வைத்தான், ஆனால் அது வீட்டார் திறந்தால் மட்டும் தெரிவது. அதில் அவன் யோசித்திருக்கிறான் என்று எனக்குப் பட்டது. குடியைச் சொன்னால் சாதியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். பேச்சு வராத பிள்ளையின் நெற்றியில் அதை எழுதி ஊருக்குக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அம்மம்மாமாரின் பெயர்கள் வரிசையாக நிற்பது வேறு விஷயம். எத்தனை வீடுகளில் அந்தப் பெயர்கள் எங்குமே எழுதப்படாமல் போயின.

“முகத்தப் போட்டிராத” என்றார் அம்மம்மா திடீரென்று, மகளைப் பார்த்து. “ஊரெல்லாம் பாத்தா கண்ணூறு.”

“ஊரெல்லாம் பாக்க ஏலா அம்மம்மா. இஞ்ச பாருங்க.”

பக்கத்தின் மூலையில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. நான் முதலில் திரையில் தூசி என்றே நினைத்தேன். மற்றவர்கள் பூட்டுப் படம் வைக்கிற இடத்தில் இவன் வைத்தது அதை. பொட்டு இருந்தால் பக்கம் மூடியிருக்கிறது, வீட்டார் சொன்ன ஆட்களுக்கு மட்டும் தெரியும். பொட்டை அழித்தால்தான் திறக்கும். தொடக்கத்திலேயே பொட்டு வைத்துத்தான் கொடுக்கிறான். அம்மம்மா திரையின் பொட்டைப் பார்த்தார், பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இலங்கையில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்தது, 9ஆம் இலக்கச் சட்டம். பிள்ளையைப் பற்றிய தரவை அது விசேட வகையில் வைத்திருக்கிறது. கன்னத்துப் பொட்டு அதைவிட எத்தனையோ தலைமுறை மூத்தது. இரண்டும் ஒன்றைத்தான் கேட்கின்றன: இந்தப் பிள்ளையை யார் பார்க்கலாம் என்று யோசித்தீர்களா? அந்தக் கேள்வியைத் தாய் ஏற்கெனவே அறிந்த உருவத்தில் அவளிடம் கொண்டுவந்து வைத்ததுதான் அந்தப் பொடியனின் கெட்டித்தனம்.

பார்க்க விட்டவர்கள் மூன்று பேர். மண்டூரில் அப்பம்மா. களுவாஞ்சிகுடியில் சித்தி. கட்டாரில் தகப்பன். அவர் பிள்ளையை இன்னும் தூக்கவில்லை. தோஹாவின் நேரம் இங்கத்தையதைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். இங்கே விடிய மூன்று மணிக்குப் பிள்ளை எழும்பிப் பால் குடிக்கிறபோது அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணித்தியாலம், அவர் வேலை முடிந்து வந்து படுக்கிற நேரம். அந்த நேரத்தில்தான் இருவரும் ஒரே பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று அந்தத் தாய் சொன்னாள். பேசுவதில்லையாம், பிள்ளை முழித்துவிடும். அவர் வந்திருக்கிறார் என்பதற்குப் பக்கத்தின் அடியில் சின்ன விளக்கு ஒன்று எரியும். அவள் தொட்டால் அங்கேயும் எரியும்.

“கனக்கக் கவரேஜ் தேவல்ல அதுக்கு” என்றான் பொடியன். படங்களையும் அவன் சுருக்கித்தான் ஏற்றுகிறான். உள்ளூர்க் கிராமங்களில் சிக்னலுக்கு வேலியோரம் போய் நிற்க வேண்டும். கனமான பக்கம் அங்கே திறக்காது.

.இலங்கை என்று முடிகிற தமிழ் முகவரி வேண்டுமா என்று கேட்டான். அப்படி ஒரு தமிழ் முடிவு எங்களுக்கு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அவளுக்கு ஆசைதான். ஆனால் வட்ஸ்அப்பில் அனுப்புகிறபோது அது சில போன்களில் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறும் என்று அவனே சொல்லி, சாதாரண முகவரியே போதும் என்று விட்டான். அது எனக்குக் கவலையாக இருந்தது. தமிழில் பெயர் எழுதிய பிள்ளைக்குத் தமிழில் வாசல் இல்லை.

பிறகு ஒரு பெட்டி வந்தது. “அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது.” இரண்டு சட்டம், பக்கத்துப் பக்கம். ஒன்றில் பிள்ளை, மற்றதில் தாயின் குழந்தைப் படம். யாரைப் போல என்று பார்க்க. இதுவும் மாதிரியோடு வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

பெருவிரல் அசையவில்லை.

“என்ட ஒண்டும் இல்ல தம்பி.”

“ஒண்டுமே இல்லயா அக்கா? ஸ்கூல் படம்?”

“அது இரிக்கி. சின்னதில ஒண்டும் இல்ல.”

அம்மம்மாதான் சொன்னார். 2007 பங்குனி. கொக்கட்டிச்சோலைப் பக்கம் செல் விழ, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை முழுக்க எழும்பி ஆற்றைக் கடந்தது. எங்கள் ஆட்கள் வாவியையும் ஆறு என்றுதான் சொல்வார்கள். மகளுக்கு அப்போது மூன்று வயது. தூக்க ஏலுமானது மகளும் ஒரு சாக்கு அரிசியும்தான். அல்பம் தகரப் பெட்டிக்குள் இருந்தது. “பெட்டிய எடுப்பமா, புள்ளயத் தூக்குவமா” என்றார். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, உள்ளே பெட்டியும் இல்லை.

அவருடைய சொந்தப் படமும் கிடையாது. 1978 கார்த்திகைச் சூறாவளியில் போனவற்றை இந்தக் கரையில் யாரும் கணக்கெடுத்து முடிக்கவில்லை.

அப்போதுதான் அந்தத் தாள் ஏன் இந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. படுவான்கரையில் இன்று பிள்ளை பெறுகிறவர்களில் பலர் அந்த இடப்பெயர்வில் இடுப்பில் கிடந்து போன பிள்ளைகள். தங்கள் குழந்தை முகம் எப்படி இருந்தது என்று தெரியாதவர்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று அவர்கள் கேட்பது, நாலு பேர் பார்த்து விருப்பம் போட வேண்டும் என்பதற்காக இல்லை. நகரத்தில் ஒரு கம்பனி இதே சேவையைச் செய்தால் விதவிதமான நிறமும் பூவும் காட்டித் தாய்மாரை இழுக்கப் பார்க்கும். இங்கே இழுப்பது வேறு.

அந்த வெறும் சட்டத்தை அவன் என்ன செய்வான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாக அதில் ஒரு சாம்பல் நிழலுருவமும் “படம் இல்லை” என்ற சொல்லும் வந்து நிற்கும். பிள்ளையின் பக்கத்தைத் திறக்கிறபோதெல்லாம் அந்தத் தாய் அதைப் பார்க்க வேண்டும். அவன் சட்டத்தை அழித்தான். கொஞ்ச நேரம் லெப்டொப்பில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். பிறகு எழும்பி, தன் போனை எடுத்து அம்மம்மாவின் முன்னால் மேசையில் வைத்தான்.

“அம்மம்மா, அக்கா பிறந்த நேரம் எப்பிடி இருந்தவ? சொல்லுங்க. அது பேச்சப் புடிச்சி வைக்கும்.”

“என்னத்தச் சொல்ல மனே.”

“நினைவு வாறதச் சொல்லுங்க.”

அம்மம்மா எனக்கு முதுகு காட்டி இருந்தார். முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது, முதலில் பொலிசில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி விறைப்பாக. “இவள் பிறந்தது ஆவணி மாசம்.” நிறுத்தினார். “ராவு. மழை.” மறுகாவும் நிறுத்தினார். பிறகு குரல் இளகியது. “தலை முழுக்க மயிர். மருத்துவமாது சொன்னவ, இது சீப்போட வந்த புள்ள எண்டு. வலக்காதில சின்ன மடிப்பு, இப்பயும் இரிக்கி, பாரு. அழுதாளெண்டா மூணு வளவுக்குக் கேக்கும். இவள்ட அப்பா தோளில போட்டுக்கிட்டு வேலி நீளத்துக்கும் நடப்பார். பாட்டெல்லாம் தெரியா மனுசனுக்கு. மாட்டுக்குச் சொல்லுற சத்தத்தத்தான் சொல்லுவார், ஓ ஓ எண்டு. அதக் கேட்டாத்தான் உறங்குவாள்.”

அந்தத் தாய் தன் வலது காதைத் தொட்டுப் பார்த்தாள். கிளினிக் கொப்பி மடியில் விழுந்தது. பிள்ளையின் காதையும், முந்தானையை விலக்கி, அதே பெருவிரலால் தடவிப் பார்த்தாள்.

பேச்சு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பொடியன் அதை அந்தச் சட்டம் இருந்த இடத்தில் வைத்தான். தொட்டால் பேசும்.

இணையத்தில் வைத்ததும் போகும். அதை நான் அந்த இடத்தில் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன். 1994இல் ஜியோசிட்டீஸ் என்று ஒன்று தொடங்கியது. யாரும் இலவசமாகச் சொந்தப் பக்கம் கட்டலாம். பக்கங்களை ஊரும் அயலுமாகப் பிரித்து வைத்திருந்தார்கள், குடும்பம், பிள்ளைகள் என்று எழுதியவர்களுக்கு ஹார்ட்லாண்ட் என்ற அயல். அந்தக் காலத்து இளம் பெற்றோர் எத்தனையோ பேர் அங்கே பிள்ளைகளின் படங்களை ஏற்றினார்கள். 1999இல் யாஹூ அதை வாங்கியது. 2009 ஒக்டோபரில் மூடிவிட்டது. கோடிக்கணக்கான பக்கங்கள். தன்னார்வலர்கள் ஓடியோடி இறக்கி வைத்த பங்குதான் மிஞ்சியது. செல் விழவில்லை, சூறாவளி அடிக்கவில்லை, ஒரு கம்பனி தீர்மானித்தது, அவ்வளவுதான்.

பொடியனுக்கு அந்தக் கதை தெரியுமோ என்னமோ, அந்தப் பயம் தெரிந்திருந்தது.

“மாசத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் ஒரு சிப்பில ஏத்தித் தருவன் அக்கா. படமும் பேச்சும் எழுத்தும். வரியத்துக்கு ஒரு புத்தகமா அடிச்சும் தரலாம். என்ட கடை நாளைக்கி இரிக்குமோ தெரியா. உங்கட கையில ஒண்டு இரிக்க வேணும்.”

இணையப் பக்கம் விற்கிற ஒருவன் தன் கடை நாளைக்கு இல்லாமல் போகலாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. காசு கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். பக்கம் மூடும், ஆனால் அழியாது, வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்றான். பதினெட்டு வயதில் பிள்ளை வந்து கேட்டால் சாவியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டுமாம். அதை அவன் சாதாரணமாகச் சொன்னான். அந்தத் தாய் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பதினெட்டு என்ற எண்ணை அதன் முகத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி.

மின்விசிறி ஒரு தடவை முனகிச் சுற்றத் தொடங்கியது. கரண்ட்.

“ஒரு கடதாசியில அடிச்சித் தா மனே” என்றார் அம்மம்மா. “எனக்குப் போன் பாக்கத் தெரியா.”

பிரிண்டர் சூடாகி, இழுத்து, ஒரு தாளை மெல்ல வெளியே தள்ளியது. மேலே ஏணை. கீழே பெயர், யூனிகோட்டில், எல்லாப் புள்ளியோடும். அதற்குக் கீழே கயிறு மாதிரி மூன்று பெண்களின் பெயர். அம்மம்மா தன் தாயின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்து வாசித்தார். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார். தாளை நாலாக மடித்து, கிளினிக் கொப்பியின் பிளாஸ்டிக் உறைக்குள், இரண்டு மாத ஊசிக்கு வர வேண்டிய திகதி எழுதியிருந்த பக்கத்துக்கு மேல் செருகினார்.

“வா புள்ள, இருட்ட முன்ன போவம். ஆனை இறங்குற நேரம்.”

வெல்லாவெளியில் அது சும்மா சொல்கிற சாட்டு இல்லை. வெட்டிய வயலிலும் வைக்கோலிலும் மணம் பிடித்துக்கொண்டு பொழுது சாயவே காட்டோரம் வந்து நிற்கும். ஓட்டோக்காரன் ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணியிருந்தான். தாய் ஏறி உட்கார்ந்து, பிள்ளையை இடப்பக்கம் சரிசெய்து, மற்றக் கையால் போனைக் காதோடு வைத்தாள். யாரோடும் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டோ திரும்புகிறபோது பார்த்தேன், மறுபடியும் முதலிலிருந்து வைத்துக் கேட்கத் தொடங்கியிருந்தாள்.

“சேர், உங்கட கொப்பி ரெண்டா?” என்றான் பொடியன். என்னை அப்போதுதான் நினைவு வந்தவன் மாதிரிப் பார்த்தான். தலையாட்டினேன். மெஷினில் வெளிச்சம் ஒரு தடவை ஓடியது, மறுகா ஒரு தடவை ஓடியது. தாள்கள் சூடாக இருந்தன. மிச்சக் காசு எண்ணுவதற்கு முன் அவன் சிஆர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து ஒரு வரி எழுதினான். காசை வாங்கக் கையை நீட்டியபோது அது எனக்குத் தெரிந்தது.

“குரல் – பிள்ளை அழல்ல. அம்மம்மா அழுதவ.”